மாமியாரின் செம்பில் 64 வெள்ளி ரூபாய்: எது முதலீடு, எது சேகரிப்பு?

தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

போன வருடம் அவருடைய மாமியார் காலமானார். மாமனார் முன்பே இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பித்தளைச் செம்பில் 64 வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. விக்டோரியா தலை போட்டது 9 (அதில் 1840 இரண்டு, 1862 ஐந்து, மற்ற இரண்டும் 1877-க்குப் பிந்தியவை), ஏழாம் எட்வர்டு 11, ஐந்தாம் ஜார்ஜ் 29 (1912 முதல் 1920 வரை), ஆறாம் ஜார்ஜ் 15 (1940 முதல் 1945 வரை). "எல்லாம் ஒரே வெள்ளிதான், முக்கால் கிலோ தேறும், உருக்கிக் குத்துவிளக்கு செய்துவிடலாம்" என்கிறார் கணவர். கல்லூரியில் படிக்கும் மகனுக்கோ நாணயம் சேகரிக்க ஆசை. நாத்தனார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இது தவிர, சீட்டு முடிந்து கையில் 3 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. நான்கு வருடத்தில் மகளுக்குக் கல்யாணம். பாதிப் பணத்துக்கு நகைக்கடை லட்சுமி காசு, பாதிக்கு அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள் என்று முழுவதையும் வெள்ளியில் போட நினைக்கிறார். "வெள்ளி விலையும் ஏறும், பழசாக ஆக நாணய மதிப்பும் ஏறும். இரட்டை லாபம்தானே?" என்று கேட்கிறார். 1918-ஆம் வருட ரூபாய்க்கு 9 லட்சம் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி, 'பதிவுக் கட்டணம்' 2,150 ரூபாய் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஞாபகார்த்தமாகப் பத்துக் காசு அனுப்பச் சொல்கிறார். பன்னிரண்டு காசுகளைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. எட்டுக் காசுகளில் காசுமாலைக் கொக்கி ஒட்டியிருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

உடனே நிறுத்த வேண்டியவை மூன்று. அந்த 2,150 ரூபாயைக் கட்டாதீர்கள். இனி ஒரு காசைக்கூடத் தேய்க்காதீர்கள். சிங்கப்பூருக்கு எதையும் அனுப்பாதீர்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் 'இரட்டை லாபம்' கணக்கைப் பார்த்துவிடுவோம். மற்றக் குழப்பங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

வெள்ளி நாணயத்துக்கு இரண்டு சந்தைகள் இருக்கின்றன. நகைக்கடைத் தராசு ஒன்று. அங்கே எடையும் தரமும்தான் பேசும், யார் தலை போட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று சேகரிப்பவர்களின் சந்தை. அங்கே ஆண்டு, அடித்த நாணயச் சாலை, தேய்மானம், இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவை விலையைத் தீர்மானிக்கும். பழசாக இருந்தால் மட்டும் விலை ஏறிவிடாது. ஒரே காசு இரண்டு சந்தையிலும் ஒரே நேரத்தில் லாபம் தருவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: சேகரிப்பவர் விலை கொடுத்து வாங்கி, அவசரத்தில் தராசு விலைக்கு விற்கிறார்கள். நீங்கள் யோசித்திருக்கும் நினைவு நாணயத் திட்டம் அப்படித்தான் முடியக்கூடும். அதனால் ஒவ்வொரு காசையும் கையில் எடுக்கும்போது, இதை எந்தச் சந்தையில் விற்கப்போகிறேன் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

64 காசும் ஒரே வெள்ளி இல்லை

உங்கள் கணவரின் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 64 காசும் சேர்ந்தால் 746 கிராம். முக்கால் கிலோ என்று அவர் சொன்னது எடையில் சரி. ஆனால் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 91.7 சதவீதம், ஒரு காசில் 10.69 கிராம். இரண்டாம் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடானதும், 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதில் 5.83 கிராம்தான். உங்கள் 15 ஆறாம் ஜார்ஜ் காசுகளும் அந்த ரகம்.

ஆக, முதல் 49 காசில் ஏறத்தாழ 524 கிராம் சுத்த வெள்ளி, மீதி 15-இல் 87 கிராம். மொத்தம் 611 கிராம். விலை தினம் மாறுவதால், கணக்குக்காகக் கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் உலோக மதிப்பு 1,22,000 ரூபாய் சொச்சம். மொத்த எடையையும் சுத்த வெள்ளியாக நினைத்தால் 1,49,000 வரும். இடையில் விழும் 27,000 ரூபாய்தான் 'எல்லாம் ஒரே வெள்ளி' என்ற நினைப்பின் விலை. காசுகள் தேய்ந்திருந்தால் எடை இன்னும் கொஞ்சம் குறையும்.

உருக்குவதிலும் ஆதாயம் இல்லை. உருக்கும்போது கழிவு போகும், விளக்குக்குச் செய்கூலி தனி. சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக்கூட நாணய வியாபாரிகள் பெரும்பாலும் உலோக விலைக்குக் குறையாமல் எடுப்பார்கள். விளக்குதான் வேண்டும் என்றால் காசைக் காசாகவே விற்று, அந்தப் பணத்தில் விளக்கு வாங்குங்கள்.

போலியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காந்தம் இரும்பை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரையும் ஈயத்தையும் விட்டுவிடும். நம்பகமானது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று போதும். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். விடை 10.3-ஐ ஒட்டி வந்தால் 91.7 சதவீத வெள்ளி. 9.5-ஐ ஒட்டி வந்தால் ஆறாம் ஜார்ஜ் கலவை. 8.7 அளவில் நின்றால் ஜெர்மன் சில்வர். முழு எடையுள்ள நல்ல காசுக்குத் தராசு 1.13 கிராம் காட்டும். காசின் அடியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், நூலை லேசாக ஆட்டி உதிர்த்துவிடுங்கள். கொக்கி உள்ள எட்டுக் காசுக்கு இந்தச் சோதனை சரிவராது, பற்றவைப்பு குறுக்கே வரும். நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கனமாக முலாம் பூசிய போலியை அது நல்ல வெள்ளி என்றே சொல்லும்.

இனி எதைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று பார்ப்போம். 1912 முதல் 1920 வரையிலான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் மிகச் சாதாரணம். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குப் பெரும் நெருக்கடி வந்தது. அமெரிக்கா 1918-இல் தனிச் சட்டம் போட்டு, தன் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 26 கோடியை உருக்கி, ரூபாய் அடிப்பதற்காகப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வருடங்களில் கோடிக் கணக்கில் ரூபாய் அடித்தார்கள். 9 லட்சம் என்று உங்களிடம் பேசியவர் பிடித்துக்கொண்ட 1918, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயிலேயே மிக மலிவாகக் கிடைக்கும் ஆண்டுகளில் ஒன்று.

சேகரிப்பவர்கள் தேடுவது 1911-ஐ. அந்த வருட ரூபாயில் அரசர் அங்கியின் சங்கிலியில் இருந்த யானை, துதிக்கை குட்டையாகப் போனதால் பன்றி போலத் தெரிந்தது. சர்ச்சை கிளம்பவே, வெளியே போகாமல் இருந்தவற்றைத் திரும்ப எடுத்து, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று பெயரே வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் அது இல்லை. ஆறாம் ஜார்ஜில் 1939 அரிது, அதுவும் இல்லை. யாராவது 1939 விற்க வந்தால் கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிய போலிகள் உண்டு.

உங்களிடம் இருப்பதில் கவனிக்க வேண்டியவை விக்டோரியா காசுகள்தான். கிரீடம் இல்லாத இளம் விக்டோரியா தலையுடன் வந்தது 1840. அதில் எழுத்து தலையைச் சுற்றி ஒரே வளையமாகப் போகிறதா, இரண்டாகப் பிரிந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து வகை மாறும். 1862 என்ற ஆண்டையே பல வருடங்கள் மாற்றாமல் அடித்தார்கள், 1874 முதல்தான் உண்மையான ஆண்டு வந்தது. இடையில் அடித்தவற்றைப் பின்புறத்துச் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறார்கள். சில புள்ளி வகைகள் மற்றவற்றைவிட அரிது. இந்த ஏழு காசையும், எந்த வருடமானாலும் தேய்மானம் இல்லாமல் கூர்மையாக இருக்கும் மற்றவற்றையும் தனித்தனி உறையில் போட்டு, வாங்கும் நோக்கம் இல்லாத ஒரு சேகரிப்பாளரிடம் காட்டுங்கள். விலை சொல்பவரே வாங்குபவராக இருக்கக் கூடாது.

தேய்த்ததும் கொக்கியும்

புளியும் விபூதியும் வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சரி. நாணயத்துக்கு அது நஷ்டம். பல வருடங்களில் வெள்ளியின் மேல் படியும் சாம்பல், நீல, கருமை நிறப் படலம் அழுக்கு இல்லை. காசைப் பிறகு யாரும் சீண்டவில்லை என்பதற்கு அது அடையாளம். விபூதி மிக நுண்ணிய அரம் மாதிரி வேலை செய்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். சேகரிப்பவர் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். பற்பசை, சோடா மாவு, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தேய்த்த பன்னிரண்டில் 1840 அல்லது 1862 இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண ஐந்தாம் ஜார்ஜாக இருந்தால் பெரிய இழப்பு இல்லை.

கொக்கி ஒட்டிய எட்டும், ஓட்டை போட்டவை ஏதும் இருந்தால் அவையும் தராசுக் காசுகள். கொக்கியை எடுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், பற்றவைத்த தடம் போகாது. ஆனால் காசுமாலையில் இருந்தது என்ற குடும்ப நினைவுக்காக ஒன்றிரண்டை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தால் அதுவும் நல்ல காரணம்தான்.

மற்றவற்றை விளிம்பைப் பிடித்து மட்டும் எடுங்கள். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், மரப்பெட்டி மூன்றும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஆல்பத்தில் வரும் மெத்தென்ற பி.வி.சி. உறையும் ஆகாது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில வருடங்களிலேயே பச்சையாகப் பிசுபிசுப்பு கசிந்து காசைத் தின்னும். மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறை அல்லது கெட்டியான அக்ரிலிக் பேழை வாங்குங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பச்சை ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்த அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு அழிப்பானில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது.

3 லட்சம்

நகைக்கடைக் காசிலிருந்து தொடங்குகிறேன். 10 கிராம் வெள்ளியின் விலை 2,000 என்று வைப்போம். செய்கூலி, பேக்கிங் எல்லாம் சேர்த்துக் கடை 2,300 போடுகிறது. 3 சதவீத ஜிஎஸ்டியோடு உங்கள் கையை விட்டுப் போவது 2,369. மறுநாளே திருப்பி விற்றால், கடை 5 சதவீதம் கழித்து 1,900 தரும் என்று கொள்வோம். வாசலைத் தாண்டியவுடன் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. போட்ட பணம் திரும்ப வரவே வெள்ளி 25 சதவீதம் ஏற வேண்டும். கடைக்குக் கடை இந்த எண்கள் மாறும். வாங்கும் முன் "இதையே அடுத்த மாதம் கொண்டுவந்தால் பணமாக என்ன தருவீர்கள், கழிவு எவ்வளவு?" என்று கேளுங்கள். 'எக்ஸ்சேஞ்சில் முழு விலை' என்பதும் 'ரொக்கமாக முழு விலை' என்பதும் வேறு. பொதுவாகச் சின்ன காசுக்குக் கூலி விகிதம் அதிகம், 100 கிராம் அல்லது ஒரு கிலோ கட்டிக்குக் குறைவு. வங்கியில் வாங்கினால் நம்பிக்கை என்று நினைக்காதீர்கள், வங்கிகள் தாம் விற்ற நாணயத்தைத் திரும்ப வாங்குவதில்லை.

அரசு நினைவு நாணயங்கள் வேறு ரகம். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா நாணயச் சாலைகளை நடத்தும் அரசு நிறுவனம் இவற்றை முன்பதிவு பெற்று விற்கிறது. முகமதிப்பைவிட, உள்ளே இருக்கும் வெள்ளியைவிட, விற்பனை விலை அதிகமாகத்தான் இருக்கும். பெரிய அளவு, பளபளப்பு, அழகான பெட்டி, இவற்றைப் பார்த்து முழு வெள்ளி என்று நம்பிவிடுகிறோம். பல வருடங்களாக வந்த 35 கிராம் நாணயங்களில் பெரும்பாலானவற்றின் கலவை 50 சதவீத வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு 2023-இல் வந்த 75 ரூபாய் நாணயமும் இதே கலவைதான். அதில் வெள்ளி 17.5 கிராம், நம் கணக்கில் 3,500 ரூபாய். உங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வந்த 1000 ரூபாய் நாணயத்தில் 80 சதவீதம், அதாவது 28 கிராம் வெள்ளி. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் 15 கிராம் எடை, 80 சதவீதம், உள்ளே 12 கிராம். அண்மையில் ஏறக்குறைய சுத்த வெள்ளியிலும் சில வந்திருக்கின்றன. எனவே பெயரைப் பார்த்து வாங்காமல், கூடவே வரும் குறிப்பில் உலோகக் கலவையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இவை சட்டப்படி செல்லும் பணம். உருக்கினால் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். பெட்டியைப் பிரித்தாலே சேகரிப்பு விலை இறங்கும். தஞ்சைக்காரராக அந்தக் கோயில் நாணயம் ஒன்றை ஆசைக்கு வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றரை லட்சத்துக்கு இப்படி வாங்கிக் குவிப்பது மட்டும் வேண்டாம்.

சரி, காசாக இல்லாமல் வெறும் வெள்ளியாகப் போட்டால்? வெள்ளி தங்கத்தைவிடக் குதிக்கும், தங்கத்தைவிட விழும். 1980 ஜனவரியில் டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் ஓர் அவுன்ஸ் 50 டாலர் வரை போயிற்று. அதே வருடம் மார்ச் 27-இல் 11 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. 2011 ஏப்ரலில் மறுபடி 50-ஐ நெருங்கித் திரும்பியது. அந்த உச்சியை நன்றாகத் தாண்ட 2025 வரை ஆயிற்று. டாலர் கணக்கு நமக்கெதற்கு என்பீர்கள். ரூபாயில் பார்த்தாலும், 2011 ஏப்ரலில் கிலோ 70,000-க்கு மேல் இருந்த வெள்ளி 2015 கடைசியில் 35,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஏறத்தாழ நான்கரை வருடம், உங்கள் மகளின் கல்யாணத்துக்கு இருக்கும் அவகாசம்தான். ஏறிய வருடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முகூர்த்த நாளை வெள்ளி விலை ஏறும்வரை தள்ளிவைக்க முடியாது.

அதனால் 3 லட்சத்தில் 2,50,000-ஐ வங்கி வைப்பிலோ அஞ்சலக டைம் டெபாசிட்டிலோ, கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு முதிரும்படி போடுங்கள். மீதி 50,000 வெள்ளிக்கு இருக்கட்டும். அதையும் ஒரே நாளில் வாங்காமல் மாதம் இரண்டாயிரம் மூவாயிரமாகப் பிரியுங்கள். விலை ஏற்றத்தை மட்டும் எதிர்பார்த்தால் வெள்ளி இடிஎஃப் (பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் வெள்ளி நிதி) போதும். செய்கூலி இல்லை, களவு பயம் இல்லை, தரம் 99.9. டீமேட் கணக்கு வேண்டும். 2025 அக்டோபர் போல வெறி பிடித்து எல்லோரும் வாங்கும் சமயங்களில் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட யூனிட் விலை அதிகமாக ஓடும், அப்போது ஒதுங்கி இருங்கள். மாறாக, இந்த வெள்ளி கடைசியில் மகளின் சீர்வரிசைத் தட்டாகவும் குடமாகவும் ஆகப்போகிறது என்றால் கையில் வெள்ளி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்போது சாமி படம் போட்ட காசு வேண்டாம். பாத்திரம் எந்தக் கடையில் எடுப்பீர்களோ அதே கடையில், பெரிய எடையில், 999 முத்திரையுடன் ரசீது போட்டு வாங்குங்கள்.

அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் வெள்ளி நகைக்கும் நாணயத்துக்கும் கடன் தர வழி செய்கின்றன. ஒருவருக்கு நாணயம் 500 கிராம் வரைதான். வெள்ளிக் கட்டிக்குக் கடன் கிடையாது. எல்லாக் கிளையும் வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், முன்பே விசாரியுங்கள்.

யாருடைய காசு?

இதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இதுதான் பின்னால் மனஸ்தாபத்தில் முடியும். மாமியார் உயில் எழுதாமல் போயிருப்பதாலும் மாமனார் முன்பே காலமாகிவிட்டதாலும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சமம். உங்கள் கணவருக்குப் பாதி, நாத்தனாருக்குப் பாதி. கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று என்பது இந்தப் பங்கைக் குறைக்காது. ஒன்றை உருக்கும் முன், ஒன்றை விற்கும் முன், அவரிடம் சொல்லுங்கள். காசுகளை இரு புறமும் படம் எடுத்து, ஆண்டு, எடை எழுதிய பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். தராசுக் காசுகளைச் சரிபாதியாகப் பிரிப்பது எளிது. தனியே எடுத்து வைத்தவற்றை மதிப்புப் போட்ட பிறகு பிரித்துக்கொள்ளலாம், அல்லது ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்கு ஈடு தரலாம்.

விற்றால் வரி உண்டு. வீட்டுச் சாமான் கணக்கில் வராதா என்று கேட்பவர்கள் பலர். பூஜையில் வைத்த வெள்ளி ரூபாய்கள் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே, ஒரு முன்னாள் சமஸ்தான அரசரின் வழக்கில், சொல்லிவிட்டது. வாரிசாக வந்த பொருளுக்கு முன்னவர் வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் உங்களுடையது நீண்டகால ஆதாயம், வரி 12.5 சதவீதமும் செஸ்ஸும். வாங்கிய விலையாக 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை எடுக்கலாம். அப்போது வெள்ளி கிலோ ஏறத்தாழ 7,000 ரூபாய் என்பதால் பெரிதாகக் கழியாது. பங்கு யாருக்கோ வரியும் அவருக்கு. இன்று புதிதாகக் கையில் வாங்கும் வெள்ளிக்கு 24 மாதம் தாண்டினால்தான் இந்த விகிதம், அதற்கு முன் விற்றால் அவரவர் வருமான வரி விகிதம்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: 100 ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்சலிலும் கூடாது, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகவும் கூடாது, இனாமாகத் தந்தாலும் விதி அதுவே. உங்கள் 49 காசும் இதில் அடங்கும். ஆசைக்கு ஆறாம் ஜார்ஜ் காசைக் கேட்டால், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையில் சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம், அதுவும் நாத்தனாரும் சம்மதித்த பிறகு.

வாட்ஸ்அப்காரர் விஷயம். ரிசர்வ் வங்கி பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு 'பணம் விடுவிப்புக் கட்டணம்' என்று தொகை ஏறிக்கொண்டே போகும். நிஜமாக வாங்குபவர் காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார், உங்களிடம் பணம் கேட்கவும் மாட்டார். ஆதார், வங்கி விவரம் ஏதும் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

மகனின் ஆசை

தடுக்காதீர்கள். ஆனால் முதலீடு என்ற பெயரையும் கொடுக்காதீர்கள். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் செலவு செய்வதுபோல மாதம் ஒரு தொகை ஒதுக்கட்டும். கண்டதையும் வாங்கினால் டப்பா நிறையும், சேகரிப்பு ஆகாது. ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை ஆண்டுவாரியாக, கல்கத்தா ஒன்று பம்பாய் ஒன்று என்று சேர்ப்பது நல்ல தொடக்கம். பம்பாயில் அடித்ததில் பின்புறத்தின் அடியில் சிறு புள்ளி இருக்கும், கல்கத்தாவுக்குக் குறி இல்லை. வீட்டில் இருக்கும் 29-லேயே பாதி வேலை முடிந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் தேறியபின் சென்னை நாணயச் சாலையில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்கள் பக்கம் போகலாம். அந்தச் சாலை 1869-இல் மூடப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை முதலில் போய்ப் பார்க்கட்டும், அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி சீக்கிரம் தெரியும்.

வாங்கும்போது, ஒரே பணத்தில் ஐந்து தேய்ந்த காசுக்குப் பதில் ஒரு கூர்மையான காசு. கண்காட்சியில் வாங்கினாலும் ரசீது. ஏலத்தில் கேட்கும்போது, கேட்ட விலையின் மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் வரியும் ஏறும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று எழுதி ராமர், அனுமார் படம் போட்ட காசுகள் சந்தையில் நிறைய வரும். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடித்ததே இல்லை, அவை பின்னாளில் செய்த பூஜைக் காசுகள். அதே காசு அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று யாராவது ஆரம்பித்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடட்டும். இந்த அரிசி இழுக்கும் மோசடியில் நம் மாவட்டங்களில் படித்தவர்களே லட்சங்களை இழந்திருக்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பட்டியலை எழுதுங்கள், தண்ணீர்ச் சோதனையை மகனிடம் விடுங்கள், நாத்தனாருக்கு உங்கள் கணவரே போன் செய்து சொல்லட்டும். விக்டோரியா ஏழையும் பார்த்துச் சொன்னவர் தரும் குறிப்பை, தேதியும் கையெழுத்துமாக வாங்கி அந்தப் பட்டியலோடு வைத்துவிடுங்கள்.